மரம் கேட்ட இன்னொரு வருடம்

றஹீமாவின் கணவர் றஸாக் ஜப்பானுக்கு மேற்படிப்புக்குப் போன 1996இல் அவள் வயிற்றில் பிள்ளை. ஊசியிலை மரங்களை ஆராய்வதுதான் அங்கே அவருடைய வேலை. வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனைக் கடைத்தெருவிலிருந்த கொமியூனிகேஷன் என்ற தொலைபேசிக் கடைக்கு அழைப்பெடுப்பார். அவர் போன பிறகு பிறந்த மகள் சிபானாவை இடுப்பில் வைத்தபடி அவள் கதைப்பாள்.

"அந்த மரத்தில அப்பிடி என்னதான் பாக்கிறீங்க மச்சான்?"

"பட்டைக்குக் கீழதான் புது மரம் விளையுது புள்ள. அதைச் செய்ற மரபணு எல்லாம் நாள் முழுக்க ஒரே மாதிரி வேலை செய்றல்ல. சிலது பகல்ல முழிக்கும், சிலது ராவைல. அதைத்தான் தேடுறன்."

அதற்காகக் கோடையில் ஒரு நாள் முழுவதும் விட்டு விட்டுப் பட்டையை உரித்து, அடியிலிருந்த ஈரப்படலத்தைச் சுரண்டி உறையவைத்திருந்தார். அதை ஆராய்ந்து முடித்தால் ஊருக்கு வரலாம். றஹீமா அவர் வீட்டில் விட்டுப்போன சட்டைகளை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் குரல் அடங்கிப்போயிருந்தது.

"குளிர்ப்பெட்டி பழுதாகிட்டு புள்ள. எல்லாம் உருகிப் போச்சு. இனி அதில ஒண்டும் பாக்கேலாது."

"திரும்ப எடுங்களன்."

"குளிர் வந்திட்டு. மரம் வேலையை நிப்பாட்டிட்டு. அடுத்த கோடைக்குத்தான் தொடங்கும். நீ வாங்கண்டு சொல்லு, விட்டுட்டு வந்திர்றன்."

'வாங்க' என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. சிபானா ரிசீவரைத் தட்டி "வாப்பா, வாப்பா" என்றாள். அவளுக்கு அந்தக் கறுப்புச் சாமானின் பேரே வாப்பாதான்.

"முடிச்சிட்டே வாங்க," என்றாள் றஹீமா. "பாதில வந்தா, இஞ்ச இருந்தாலும் உங்கட மனசு அங்கதான் கிடக்கும்."

வீட்டில் அவளுடைய தாய் ஆசியா உம்மா வாசலுக்கே வந்து கேட்டார். "எப்ப வாறாராம் மருமகன்?"

"மரம் திரும்ப வேலை தொடங்கட்டுமாம் உம்மா."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த கோடையில் எடுத்தவை கெடவில்லை. பகலில் முழிப்பவையும் இரவில் முழிப்பவையும் பிரிந்து தெரிவதாக அவர் அழைப்பில் கத்தினார். "டிக்கட் போட்டாச்சா?" என்றுதான் அவள் கேட்டாள்.

வான் வண்டியில் வந்து இறங்கியவரைக் கண்டதும் சிபானா றஹீமாவின் சீலைக்குள் ஒளிந்தாள். கூப்பிடக் கூப்பிட வரவில்லை.

"கொஞ்சம் பொறுங்க, வருவாள்," என்றாள் றஹீமா.

அவர் தலையாட்டினார். தேத்தண்ணியை நீட்டிவிட்டு அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவருக்குப் பக்கத்தில் எப்படி உட்காருவதென்று அவளுக்கும் மறந்துபோயிருந்தது.