நான் சாகடித்த தையல்காரன்

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அமாவாசையன்று தறி நெய்யமாட்டார்கள். அறுபதுகளின் கடைசியில், மாதம் முழுவதும் வந்த வாரப் பத்திரிகைகளைச் சேர்த்துவைத்து, அவற்றில் வந்த சரித்திரத் தொடர்கதை ஒன்றை அந்த நாளில் வீட்டில் உரக்கப் படிப்பேன். ஜப்பான்காரர்கள் பினாங்கைப் பிடித்திருந்த காலத்துக் கதை. கணவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விடுகிறார்கள். தனியாக நிற்கும் மனைவிக்கு அரிசி கொண்டுவந்து தரும் ஒரு தையல்காரன்மேல் மெல்ல மனம் போகிறது. அப்பா, அம்மா, எதிர்வீட்டு அத்தை மூவரும் கேட்பார்கள்.

அந்தக் காலத்தில் அப்பா பினாங்கில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தவர். நான் பிறந்ததும் அங்கேதான்.

ஆட்களைப் பிடித்த வருஷத்தை ஆசிரியர் நாற்பத்து நான்கு என்று எழுதியிருந்தார். முந்தைய வருஷமே தொடங்கிவிட்டது என்று நான் படித்திருந்தேன். ஓரத்தில் பென்சிலால் திருத்தியது போதாமல் வாய்விட்டும் சொன்னேன்.

"நீ சொல்றதுதான் சரி," என்றார் அப்பா. "நாப்பத்தி மூணுலதான் என்னைய சயாம் வண்டியில ஏத்துனாங்க. சண்ட முடிஞ்சப்புறம்தான் உட்டாங்க."

அதுவரை அவர் வருஷம் சொன்னதில்லை. நான் பிறந்தது நாற்பத்தைந்து தை மாதம். சண்டை முடிந்தது அந்த வருஷம் ஆவணியில். அடுத்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

"புருஷன் அங்க காட்டுல செத்துக்கினு இருக்கான், இவளுக்குக் காதலு கேக்குதா? தூ!" என்றாள் அத்தை.

அத்தைக்கு எங்கள் கணக்கு தெரியாது. தெரிந்தால் அம்மா தெருவில் தலைகாட்ட முடியாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் பயந்தது என்னை நினைத்துத்தான்.

அடுத்த அமாவாசையன்று தையல்காரனைச் சாகடித்தேன். பத்திரிகையில் அவன் நன்றாகத்தான் இருந்தான். சிப்பாய்கள் அவனைச் சுட்டுவிட்டதாகவும், அவள் கணவனின் வேட்டியை மடித்துவைத்துக் காத்திருப்பதாகவும், பக்கத்தைப் பார்த்தபடியே கட்டிச் சொன்னேன். அத்தைக்குத் திருப்தி. அம்மா அன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள்.

அதற்கு அடுத்த அமாவாசையில் அத்தை சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஏம்பா, உன் புத்தகத்துல மட்டும் அவன் எப்டி செத்தான்? என் பொண்ணு படிக்கிறதுல ஜம்முனு சட்ட தெச்சிக்கினு இருக்கானே! அவளும் அவன் கூடத்தான் இருக்கா, வெக்கங்கெட்டவ."

"பக்கம் மாறிப்போச்சு அத்தை."

"ஆளையே சுட்டுட்டு, பக்கம் மாறிச்சாம்!"

அம்மா சிரிக்கவில்லை. "அவன் சாவலியா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லம்மா."

"நெசமா?"

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பத்திரிகையைப் புரட்டினேன். ஒரு மாதம் முழுக்க அம்மா யாரிடமும் சொல்லாமல் துக்கம் அனுசரித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்பா தறியில் குறுக்கே ஓடும் நாடாக் கட்டைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "மொதல்லேர்ந்து படிபா. இருக்கறத இருக்கற மாதிரியே படி. உங்கம்மா கேக்கட்டும்."

படித்தேன். அத்தை நடுநடுவே அந்தப் பெண்ணை வைதாள். நன்றாகக் கேட்கவேண்டும் என்று அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். படித்து முடிக்கும்வரை நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.