பாட்டுப் போட்ட சண்டை

ஜென்சான் ஊரில் படகுகள் மீன் இறக்கும் மீன்துறையில் லினோ ஆன்டிபுவெஸ்டோவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "டான்ஸ் மாஸ்டர், இந்தச் சூரை மீனத் தூக்கு" என்பார்கள். முறைத்துவிட்டுத்தான் தூக்குவான்.

முன்பு அவன் குத்துச்சண்டைக்காரன். இடக்கையன். பதினோரு சண்டை, பதினொன்றும் வெற்றி. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பின்னால் நின்று காத்திருப்பான். எதிராளி பாய்ந்து வந்து குறி தவறும் நொடியில் இடக்கையை இறக்குவான். வந்தவன் விழுவான். பதினோரு பேரும் பாய்கிறவர்களாக அமைந்ததால் ஊர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. பாதிச் சண்டையை அவர்கள்தான் போட்டார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அவனுக்கும்தான்.

பன்னிரண்டாவது சண்டைக்கு, ஊர்த்திருவிழாவில், செபுவிலிருந்து வில்மர் கபாஹுக்கைக் கொண்டுவந்தார்கள். அவனும் தோற்காதவன். வலக்கையன். அவனும் காத்திருந்து அடிப்பவன். ஜெயிக்கிறவனை மணிலாவுக்கு அழைத்துப்போய் தேசியப் பட்டத்துக்கு நிறுத்துவதாகச் சொல்லி ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மணிலா இல்லையென்றால் லினோவுக்கு மீன்துறைதான்.

நான் லினோவின் மூலையில், காயத்துக்குப் பஞ்சு வைக்கிற ஆளாக இருந்தேன். முதியோர் பராமரிப்புப் படித்து, தைவானில் ஒன்பது வருடம் அந்த வேலை பார்த்தவள். ரத்தத்தைப் பார்த்தால் இவளுக்குக் கை நடுங்காது என்று கோச் புர்கோஸ் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

மணி அடித்தது. இவன் அவனைப் பார்த்தான். அவன் இவனைப் பார்த்தான். இருவரும் முன்காலை வைத்த இடம் ஒன்றாக இருந்ததால் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டார்கள். மிதித்ததும் கட்டிப்பிடித்தார்கள். நடுவர் பிரித்துவிட்டார். மறுபடி பார்த்துக்கொண்டார்கள். நான்கு ரவுண்டு இப்படியே போயிற்று. என் பஞ்சு ஒன்றுகூட நனையவில்லை.

"என்னடா, கண்ணாலயே காதலா?"

"முத்தம் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்கடா!"

ஐந்தாவது ரவுண்டில் மைக் வைத்திருந்தவன் ஒரு காதல் பாட்டைப் போட்டுவிட்டான். கூட்டம் எழுந்து ஜோடி ஜோடியாக ஆடியது. லினோவின் முகம் வெந்த இறால் மாதிரி ஆனது.

"முன்னால போடா!" கோச் அவன் கன்னத்தில் தட்டினார்.

"போனா அடிப்பான், கோச்."

"அந்த மூலையில அவனும் இதையேதான் சொல்லிட்டிருக்கான். யாராவது ஒருத்தன் போய்த் தொலைங்கடா!"

லினோ என் பக்கம் திரும்பினான். மூத்தவளை 'நாங்' என்பதும் இளையவனை 'டோங்' என்பதும் எங்கள் ஊர் வழக்கம். "நாங் ஃபெலிசா, நீங்களாவது சொல்லுங்க."

"தண்ணியக் குடி, டோங். உனக்கு வேர்க்கவே இல்ல. அதுதான் உன் வியாதி."

ஒன்பதாவது ரவுண்டு முடிந்தும் அவனுக்கு வேர்க்கவில்லை. கடைசி, பத்தாவது ரவுண்டு. லினோ பாய்ந்தான். அதே நொடியில் வில்மரும் பாய்ந்தான். தலையும் தலையும் மோதிய சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. இருவருக்கும் புருவம் கிழிந்தது. டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். புள்ளி போட்ட மூன்று பேரும் சமம் என்றார்கள். செருப்பு வந்தது, பாட்டில் வந்தது, கடித்த சோளம் வந்தது. மருந்துப் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

உடை மாற்ற இருந்தது ஒரே அறை. டாக்டர் தையல் போட வரும்வரை இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்தேன்.

"ஒம்பது ரவுண்டு வராதவன் பத்தாவதுல ஏன்டா வந்த?" என்றான் லினோ.

"நீ வரமாட்டேன்னு நினைச்சுத்தான்டா வந்தேன், நாயே."

"நானும் அப்படித்தான்டா நினைச்சேன்!"

கோச் உள்ளே வந்தார். மணிலாக்காரர் கிளம்பிவிட்டார் என்றார். அன்றைய முதல் சண்டையில் நான்கு முறை விழுந்து தோற்றவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

"அவன் தோத்தவனாச்சே, நாங்!" என்றான் லினோ.

"நாலு தடவ விழுந்தான், அஞ்சு தடவ முன்னால போனான். தலைய ஆட்டாத, பஞ்சு விலகுது."

திங்கட்கிழமை லினோ மீன்துறைக்குப் போனான். சுமை தூக்குகிற ஒருவன் அந்தப் பாட்டை முணுமுணுத்தான். லினோ மீனைப் போட்டுவிட்டு நேராக அவன்மேல் பாய்ந்தான். அந்த ஆள் ஒன்றும் செய்யவில்லை, ஓரடி விலகினான், அவ்வளவுதான். லினோ ஈரத் தரையில் வழுக்கி ஐஸ் பெட்டிக்குள் விழுந்தான். தையல் பிரிந்துவிட்டது. "டான்ஸ் மாஸ்டர்!" என்று துறையே கத்தியது.

இப்போது யார் பாடினாலும் அவன் பாய்வதில்லை. முதுகைச் சுவரில் சாய்த்து, இடக்கையை மடக்கிக்கொண்டு, வரட்டும் என்று நிற்கிறான். யாரும் வருவதில்லை. தூரத்திலிருந்தே பாடுகிறார்கள்.