எழுந்திருக்க விடாத சோபா

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வேலையில் இருந்த காலத்தில் டிப்போவில் அவரை எல்லோரும் 'பிரேக்' என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவின் அடுத்த முனையில் ஒரு பூனை சாலையைக் கடக்கலாமா என்று யோசித்தாலே இங்கே பிரேக்கை மிதித்துவிடுவார் என்பது அவர்கள் சொன்ன காரணம். அவர் வண்டியில் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்து அறிமுகமாகி, ஒரு ஜோடி கல்யாணமே செய்துகொண்டதாகவும் பேச்சு உண்டு. அதை அவர் ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை. ஆனால் விபத்து என்று ஒன்று அவர் கையால் நடந்ததே கிடையாது.

சாலையில் அப்படி இருந்தவருக்கு, வீட்டுக்குள் வருகிற சாமான் விஷயத்தில் மட்டும் பிரேக்கே பிடிக்காது. ஓய்வு பெற்ற அன்று, அவருக்கு டீ என்றால் உயிர் என்று யாரோ கிளப்பிவிட, வந்தவர்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஆளுக்கொரு பிளாஸ்க் கொடுத்தார்கள். முழங்கால் வலிக்கு நல்லது என்று ஓர் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கினார். அது முதல் வாரத்திலேயே துணி காயப்போடும் கொடியாகிவிட்டது. மாடி வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போனபோது, "சும்மா வருது, விடுவானேன்" என்று ஒரு பெரிய சோபாவையும் ஸ்பிரிங் மெத்தையையும் இறக்கிக்கொண்டார். எல்லாம் பின்னறையில் போய் அடைந்தன. கதவு முழுசாகத் திறக்காது, பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும்.

அவர் மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்ப்பவர். எந்தக் கறை எதனால் வந்தது என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லக்கூடியவர். அவர் அந்த அறைப் பக்கம் போவதையே நிறுத்தி வெகுகாலமாகிறது. ஒருநாள் மகளிடமிருந்து போன் வந்தது. வேலை மாற்றலாகி இந்த ஊருக்கே வருகிறாள், இரட்டைப் பிள்ளைகளோடு, வீடு கிடைக்கும்வரை இங்கேதான் தங்கப்போகிறாள்.

"பின்ரூம் காலியாகணும்" என்றார் மனைவி. "எப்படிப் பண்ணுவீங்களோ தெரியாது."

"இதுல என்ன இருக்கு? ரெண்டு தெரு தள்ளி முதியோர் இல்லம் இருக்கே. எல்லாத்தையும் அங்க குடுத்துடலாம். வயசானவங்க, பாவம், வச்சுக்கட்டும்."

"அவங்களுக்கு இதெல்லாம் வேணுமான்னு கேட்டீங்களா?"

"நீ ஒண்ணு. சும்மா குடுக்கறதை யாராவது வேண்டாம்பாங்களா?"

மனைவிக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. பதில் சொல்லாமல் போய்விட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டவர், சிறு வேன் வைத்திருந்த மைத்துனனைக் கூப்பிட்டார். இருவருமாக மூச்சுவாங்க எல்லாவற்றையும் ஏற்றினார்கள். இல்லத்துக்குப் போனபோது வாசலில் காவலாளி இல்லை.

"ஆள் வரட்டும் மாமா, சொல்லிட்டு இறக்கலாம்" என்றான் மைத்துனன்.

"நல்ல காரியத்துக்கு ஆள் என்னடா ஆள். இறக்கு."

தாழ்வாரத்தில் இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். அன்றைக்கு அவருக்கு நடையே தனியாக இருந்தது. காலியான அறையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலு முறை உலாவினார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த அறைக்கு ஜன்னல் உண்டு என்பது தெரிந்தது.

மறுநாள் காலை இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா போன் செய்தார். பிளாஸ்க் ஒவ்வொன்றிலும் 'நம் பிரேக் அண்ணனுக்கு, டிப்போ நண்பர்கள்' என்று பொறித்திருந்ததாம். டிப்போவில் கேட்டு நம்பர் வாங்கினாராம். "கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா ஐயா?"

நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்ற சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டார். "இதுல என்னங்க இருக்கு, ஏதோ நம்மால முடிஞ்சது" என்று கண்ணாடி முன் இரண்டு தரம் அடக்கமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்பினார்.

பொறுப்பாளர் அம்மா குள்ளமானவர், இடுப்பில் சாவிக்கொத்து. தாழ்வாரத்தில் கிடந்த அந்தச் சோபாவையே காட்டி, "உட்காருங்க ஐயா" என்றார். உட்கார்ந்தார். சோபா அவரை உள்ளே வாங்கிக்கொண்டது. அவருடைய முழங்கால்கள் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றன. சொந்தச் சோபாதான் என்றாலும் அதில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. வீட்டில் அதன்மேல் எப்போதும் மெத்தை இருந்ததே.

ஒப்பித்து வைத்திருந்ததைச் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள், "டீ எடுத்துக்குங்க" என்று அந்த அம்மா மேஜையைக் காட்டினார். டம்ளர் கைக்கு எட்டவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கையை ஊன்றினார், கையும் புதைந்தது. பக்கவாட்டில் உருண்டு பார்த்தார். அதற்குள் இல்லத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள்.

"நேத்து சாயங்காலம் நானும் இப்படித்தான்" என்றார் கைத்தடி வைத்திருந்த ஓர் அம்மாள். "சாப்பாட்டு மணி அடிக்குது, எனக்கு எழுந்திருக்க முடியலை. ரெண்டு பேர் வந்து தூக்கினாங்க. போறதுக்குள்ள சூப் ஆறிப்போச்சு."

"நான் எழுந்திருக்க முயற்சியே பண்ணலை" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். "பேப்பரை இங்கயே கொண்டுவாங்கன்னுட்டேன்."

கடைசியில் காவலாளி வந்து கைகொடுத்து அவரை வெளியே எடுத்தார். பொறுப்பாளர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆனால் தெளிவாகவே பேசினார்.

"நீங்க நல்ல மனசோடதான் குடுத்தீங்க, அது எனக்குப் புரியுது. ஆனா பாருங்க, சைக்கிளுக்கு ஒரு பெடல் இல்லை. இருந்தாலும் இங்க யார் அதுல ஏறுவாங்க? மெத்தையில ஸ்பிரிங் வெளிய நிக்குது. குப்பை வண்டிக்காரர் அதைத் தொட மாட்டேங்கறார், தனியா வண்டி பிடிக்கணும். உங்க வீட்டு வேலையை எங்க வீட்டு வேலையா மாத்திட்டுப் போயிட்டீங்களே."

அவர் முகத்தில் அசடு வழிந்தது. இஸ்திரி போட்ட சட்டை முதுகில் நனைந்து ஒட்டியது. "அப்ப உங்களுக்கு என்னதாம்மா வேணும்?" என்று கேட்டார்.

"இதை நேத்தே கேட்டிருக்கலாமே. கைப்பிடி வச்ச நாற்காலி வேணும், கொஞ்சம் உயரமா. பெரிய நம்பர் போட்ட கடிகாரம் வேணும். ராத்திரி வெந்நீர் வைக்க பிளாஸ்க் வேணும். மூடி இருக்கற பிளாஸ்க்கெல்லாம் நான் எடுத்துக்கறேன். மத்ததை நீங்க கொண்டுபோயிடுங்க."

சாமான்கள் ஊர்வலமாகத் திரும்பி வந்தன. வேலை முடிந்து வந்த மனைவி, பின்னறையை எட்டிப் பார்த்தார். நடந்ததைக் கேட்டதும் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் சிரித்தார்.

"சிரிச்சு முடிச்சியா?"

"இல்லைங்க, இன்னும் கொஞ்சம் இருக்கு."

சிரித்து முடித்த பிறகு மனைவி தானே களத்தில் இறங்கினார். அவருடைய கணக்கு எளிமையானது. நம் பெண்ணுக்குக் கூசாமல் கொடுக்கக்கூடியதைத்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், அதுவும் வேணுமா என்று கேட்டபிறகு. அந்தக் கணக்கில் மெத்தை தேறவில்லை. மாநகராட்சியில் பெரிய சாமான்கள் எடுக்கிற வண்டிக்குச் சொல்லிவைத்து, அது வந்தபோது முறையாக ஏற்றி அனுப்பினார்கள். மூடியில்லாத பிளாஸ்க்குகள் பழைய உலோகம் வாங்குகிறவரிடம் போயின. சைக்கிளைக் கடையில் கொடுத்து ஒரு பெடல் மாட்டி, உட்கார்ந்து மிதித்துப் பார்த்து, மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கும் பிரிவில் கேட்டபோது, அவர்கள் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார்கள்.

சோபாதான் பாக்கி. கணவர் தன் பழைய டிப்போவில், ஓய்வறைக்கு வேணுமா என்று கேட்டார். "கொண்டாங்க அண்ணே, இதைக் கேக்கணுமா" என்றார்கள். மனைவி உறையைக் கழற்றி, துவைத்து, மாட்டிக்கொடுத்தார். சோபா போன சில நாட்களிலேயே டிப்போ மேனேஜர் போன் செய்தார்.

"அண்ணே, உங்க காலத்துல நீங்க பிரேக் போட்டு லேட் பண்ணினீங்க. இப்ப சோபாவை அனுப்பி லேட் பண்றீங்க. டிரைவர் உக்காந்தா எழுந்திருக்க மாட்டேங்கறான். கண்டக்டர் எழுப்பப் போனா அவனும் உக்காந்துடறான். தயவுபண்ணி எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

சோபா இரண்டாம் முறையாக வீடு திரும்பியது. மைத்துனன் வேனை விட்டு இறங்காமலே, "மாமா, பேசாம இதை என் வண்டியிலேயே வச்சுடறேன், தினம் ஏத்தி இறக்கறதுக்கு அது தேவலை" என்றான்.

யோசித்துப் பார்த்தார். எழுந்திருக்க முடியவில்லை என்பதுதானே குறை. எழுந்திருக்கவே கூடாத ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? இப்படித்தான் குழந்தைகள் நூலகத்தின் படியேறினார். அங்கே நூலகர் பெண், ஒரு கையில் புத்தகமும் மறு கையில் ஓடப்பார்த்த ஒரு குழந்தையின் சட்டைக்காலருமாக நின்றிருந்தாள். அவர் சோபாவின் குணத்தை ஒளிக்காமல் சொன்னார். உட்கார்ந்தால் புதையும், சீக்கிரம் எழுந்திருக்க வராது.

"சார், நிஜமாவா?" என்றாள் அவள். "எப்பக் கொண்டுவரீங்க?"

அந்தச் சோபா இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஒரே நேரத்தில் நாலைந்து குழந்தைகள் அதில் மூழ்கிக் கிடக்கும். வெளியே தெரிவது கால்களும் புத்தக அட்டைகளும்தான்.

மகள் வந்தாள். ஜன்னல் உள்ள அறையைப் பார்த்து அசந்துபோனாள். அவள் பின்னாலேயே ஒரு லாரி நிறைய அவளுடைய சாமான் வந்தது. அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இதற்கிடையே பொறுப்பாளர் அம்மா மறுபடி போன் செய்தார். தினமும் யாராவது எதையாவது தருகிறேன் என்கிறார்களாம். அது உதவுமா உதவாதா என்று முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். "நீங்க அடிபட்டவர். உங்களுக்குத்தான் தெரியும்."

அன்றிலிருந்து அதுவே அவருக்கு வேலையாகிவிட்டது. நாற்காலி என்றால் உட்கார்ந்து எழுந்து மறுபடி உட்காருவார். போர்வையை உதறி முகர்வார். கடிகாரத்தை எதிர்ச்சுவரில் மாட்டச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மணி பார்ப்பார்.

"போட்டோ அனுப்பினா போதாதா சார்?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்.

"போட்டோல எந்த நாற்காலியும் ஆடாதுங்க" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டி வரும்போது மட்டும் அவருக்குச் சங்கடமாக இருக்கும். கொடுப்பவர் முகம் வாடுவது அவருக்குத் தெரியும், இல்லத்திலிருந்து சாமானோடு திரும்பிய அன்று அந்த முகத்தை அவர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். அதனால் முதலில் தன் சோபா கதையைச் சொல்லிவிடுவார். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள், உடைந்த அலமாரி எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவார். பல வீடுகளில் அவர்களே அடுத்த முறை, "என்ன வேணும்னு சொல்லுங்க" என்று கூப்பிட்டார்கள்.

போன மாதம் ஒரு கணவன் மனைவி கட்டில் மெத்தை தருகிறோம் என்று அழைத்தார்கள். புதியதற்குச் சொல்லியாகிவிட்டதாம், பழையது வலுவாகத்தான் இருக்கிறதாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போயிருந்தார். ஓரத்தில் அழுத்திப் பார்த்தார், நடுவில் அழுத்திப் பார்த்தார். "ஒரு நிமிஷம் படுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. யாரோ அவருக்குப் போர்வை போர்த்தியிருந்தார்கள். பதறி எழுந்து கூடத்துக்கு வந்தார். கணவனும் மனைவியும் டிவியை ஓசையில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க, அசந்துட்டேன். மெத்தை அருமையா இருக்கு. நாளைக்கே வண்டி அனுப்பறேன்."

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார்.

"அது வந்து சார்," என்றார் கணவர், "நீங்க தூங்கின தூக்கத்தைப் பாத்தோம். புதுசுக்குக் குடுத்த ஆர்டரை கேன்சல் பண்ணிட்டோம்."

வெறுங்கையோடு, நன்றாகத் தூங்கிய முகத்தோடு இல்லத்துக்குத் திரும்பினார். பொறுப்பாளர் அம்மா வாசலிலேயே கேட்டார், "மெத்தை எப்படி?"

"பிரமாதம். அதனாலதான் கிடைக்கலை."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்த அம்மா சாவிக்கொத்து குலுங்கச் சிரித்தார். "அடுத்த தடவை படுக்கறப்போ, கொஞ்சம் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே படுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு வீட்டின் முகவரியைக் கையில் கொடுத்தார்.