வெள்ளம் என்று சொன்னவள்

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஆறு வருடம் ஆகிறது. இன்றும் காலையில் எங்கள் வலியசாலை வீட்டுக் குழாய் சீறத் தொடங்கினால் என்னால் உட்கார முடிவதில்லை. எழுந்து கூடத்தில் நடக்கிறேன்.

கல்லூரியில் ஓய்வு பெற்றபின், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழித் தமிழ்ப் பட்ட வகுப்பை மலையாள மண்ணில் இங்கிருந்து நடத்தினேன். அவள் அதில் என் மாணவி, வித்துராவுக்கு மேலே மலையில் ஒரு தோட்டத்தில் தேயிலை பறிப்பவள். நேரில் வகுப்பு என்றால் ஒரு நாள் கூலியை விட்டு மலையிறங்க வேண்டும்; இதற்குக் கைபேசி போதும். அவள் வாசலில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் அதே வகுப்பில் படித்த இன்னும் மூன்று பெண்களும் அங்கே கூடிவிடுவார்கள். தோட்டத்துப் பள்ளியில் தமிழ் சொல்லித்தர ஆளில்லை. பட்டம் பெற்றால் அந்த வேலை தனக்கு என்று நம்பியிருந்தாள். எனக்கு அவளிடம் ஒரே குறை, பேச்சில் கலந்த மலையாளம். மலையாளத்தில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். “வெள்ளம் இல்லை, தண்ணீர்” என்று எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன்.

இறுதி வாய்மொழித் தேர்வுக்கு மதுரைப் பக்கத்துப் பேராசிரியர் ஒருவர் திரையில் வந்தார். என் மாணவிகள் கலப்பில்லாத தமிழ் பேசுவார்கள் என்று அவரிடம் முன்பே பெருமையடித்திருந்தேன். பாதியில் யாரோ கூவ, “சாரே, வெள்ளம் வந்துட்டு! இப்ப வாறேன்” என்று அவள் எழுந்து ஓடினாள். திரையில் காலி முக்காலி, அதன்மேல் பளீரென்று வெயில்.

“வெயிலு மண்டையப் பிளக்குது, வெள்ளங்கிறா! யாருகிட்ட பதில் கேக்கப் போனாளோ?” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முந்தானை நனைந்து திரும்பினாள்.

“என்னம்மா, வெள்ளம் வடிஞ்சிருச்சா?” என்றார் அவர்.

“நின்னு போச்சு சாரே. இனி நாளைக்குத்தான் வரும்.”

குழாயில் தண்ணீர் வந்தது ஐயா என்று ஒரு வாக்கியம் போதும். சொன்னால் அவள் பேசியது மலையாளம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்; அடித்த பெருமை நாக்கைக் கட்டிவிட்டது. முறைகேடு என்று அவர் எழுதியதற்கு நானும் சம்மதித்தேன். அவள் தோற்றாள். வேலை வேறொருத்திக்குப் போயிற்று. மற்ற மூவரும் அதன்பின் வகுப்புக்கு வரவில்லை.

எட்டு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு உண்மையை எழுதினேன். முடிவை மாற்ற இயலாது, மறுபடி தேர்வெழுதலாம் என்றார்கள். அந்தப் பதிலோடு கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறி மலைக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்பமே தெரியுமா சாரே?”

“தெரியும்.”

பல்கலைக்கழகத்தின் பதிலை என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். பிறகு, “நான் எழுதுறேன். அவளுககிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, ஒண்ணும் ஒளிக்காம” என்றாள்.

மூன்று வாசலிலும் நின்று சொன்னேன். ஒருத்தி கதவைச் சாத்தினாள். இன்னொருத்தி பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, “படிச்ச சாருக்கே வெள்ளம் எதுன்னு சொல்ல வாய் வரலியாம்டி, நமக்கெதுக்குப் படிப்பு?” என்றாள். மூன்றாமவள் மட்டும் பிறகு வகுப்புக்குத் திரும்பி வந்தாள்.

அன்று நான் கிளம்பும்போது, தேர்வில் தோற்றவள் ஒரு தம்ளரை நீட்டி, “சாரே, வெள்…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். “தண்ணீர்,” என்றாள், நான் கற்பித்த அதே உச்சரிப்பில்.

அடுத்த முறை தேர்ச்சி பெற்றாள். பள்ளியில் இடம் இன்னும் காலியாகவில்லை, கொழுந்துதான் பறிக்கிறாள்.

குழாய் சீறுகிறது. “வெள்ளம் வந்தாச்சு, வாளியை வையுங்கோ” என்று என் மனைவி உள்ளிருந்து கூப்பிடுகிறாள். நாற்பது வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவளை நான் ஒருநாளும் திருத்தியதில்லை.