காலி வகுப்புல நான் தேர்ந்தெடுத்த பாட்டுப் புத்தகம்

காபிப் பழத்தோல் புளிச்ச வாடை... இப்பவும் எங்கயாவது அந்த மாதிரி மூக்குல ஏறுச்சுன்னா எனக்கு இருபத்திரெண்டு வயசாயிடும்.

எண்பதுகள்ல கொட்டச்சேடு மலைப் பக்கம், காபி எஸ்டேட் நடுவுல ஒரு ஓராசிரியர் பள்ளிக்கூடத்துல என்னைப் போட்டாங்க. நான் சேலத்துப் பொண்ணு. ஊட்டுல எந்நேரமும் பத்துப் பேர் சத்தத்துல வளந்தவ. மலையில மூணு மணிக்கே மூடுபனி எறங்கிடும். எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் ஊட்டுக்குப் பின்னால ஒரே ஒரு ரூம். வாயத் தொறந்து பேசணும்னா பள்ளிக்கூடத்த விட்டா வேற எடமில்ல.

அந்த டிசம்பர்ல பஸ்சுல ஒரு பார்சல் வந்துச்சு. கல்வி ஆபீஸ்ல இருந்து. எட்டு சிறுவர் பாட்டுப் புத்தகம், கூடவே எழுதி அனுப்பறதுக்கு ஒரு பாரம். எல்லாத்தையும் புள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டணும். அவங்க எப்படிக் கேக்கறாங்கன்னு பாத்து ஒண்ணே ஒண்ண சிபாரிசு பண்ணணும். அந்தப் புத்தகத்துல முப்பது காப்பி நம்ம பள்ளிக்கூடத்துக்கு வரும்.

பாடப் புத்தகம் தவிர வேற எதையும் கையில தொடாத புள்ளைங்க. அந்த வருசத்துக்கு அவங்களுக்கு அது ஒண்ணுதான். அடுத்த வருசம் வருமாங்கறதே சந்தேகம். அதனால தப்பா எடுத்துடக் கூடாதுன்னு நொம்ப பயம் எனக்கு.

ஆனா படிச்சுக் காட்டப் புள்ளைங்க வேணுமே! டிசம்பர்னா பழம் பறிக்கிற சீசன். அப்பன் ஆத்தாவோட புள்ளைங்களும் எஸ்டேட்டுக்குள்ள போயிடுவாங்க. பேரு மட்டும் ரிஜிஸ்டர்ல இருக்கும்.

பத்து நாளுக்குள்ள பாரத்தையும் எட்டு புத்தகத்தையும் திருப்பி அனுப்பணும்...

நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? காலி வகுப்புல நின்னு சுவத்துக்குப் படிச்சுக் காட்டினேன். நெஜமாத்தான். ராகம் போட்டு, கைய ஆட்டி. சிரிக்காதீங்க. மூணு நாளா யார்கிட்டயும் பேசாதவளுக்கு தன் கொரலக் கேட்டதே பெரிய ஆறுதல்.

ஒரு புத்தகத்துல காட்டுப்பன்னி ஒண்ணு சட்டை போட்டுகிட்டு பஸ் ஏறி சந்தைக்குப் போகும். கண்டக்டர் டிக்கெட் கேட்டா சட்டைப் பையில இருந்து மரவள்ளிக் கெழங்க எடுத்து நீட்டும். ஒரே கூத்து. 'கருத்து ஒன்றுமில்லை'ன்னு எழுதி ஒதுக்கிட்டேன். பெரிய மேதாவின்னு நெனப்பு!

இன்னொண்ணு மெலிசான புத்தகம். மழையப் பாத்துகிட்டே உக்காந்திருக்கற புள்ள... யாரும் ஆடாத ஊஞ்சல்... பதில் வராத கடுதாசி... ஊஞ்சல் பாட்டு பாதி வரும்போதே புத்தகத்தக் கீழ வச்சுட்டேன். அங்கயே உக்காந்து தேம்பித் தேம்பி அழுதேன். இதாண்டா புத்தகம்னு முடிவே பண்ணிட்டேன். பாரத்துல 'பிள்ளைகள் விரும்பிக் கேட்டனர்'னு கூசாம ஒரு பொய்ய எழுதி, மறுநாள் பஸ்சுல குடுத்தனுப்பினேன்.

மாசி முடியறப்போ முப்பது காப்பியும் வந்துச்சு. சீசன் முடிஞ்சு புள்ளைங்களும் வந்துட்டாங்க. புதுப் புத்தகத்த மோந்து மோந்து பாத்தாங்க, படத்தத் தடவிப் பாத்தாங்க.

படிக்க ஆரம்பிச்சேன். ஒரு பாட்டு... ரெண்டு பாட்டு... ஒருத்தன் ஜன்னல்ல குரங்கு வருதான்னு பாக்கறான். ரெண்டு பேரு பென்சில் சீவறாங்க. ஒரு சிரிப்பில்ல, ஒரு கைத்தட்டில்ல. முப்பது புள்ளைங்களுக்கு வரவேண்டிய பாட்ட நான் ஒருத்தியே தின்னுட்டேனேன்னு இருந்துச்சு.

அப்போ நாலாம் வகுப்பு மல்லிகா எந்திரிச்சா. வாய்த் துடுக்கு ஜாஸ்தி.

"ஏனுங்க டீச்சர், இந்தப் புத்தகத்த எடுத்தது நீங்களாங்க?"

"ஆமா கண்ணு. புடிக்கலையா?"

அவ என் மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்தா. "உங்களுக்கு யாருமே இல்லீங்களா டீச்சர்?"ன்னா.

புத்தகத்த மூடு, கணக்கு நோட்ட எடுன்னு அதட்டிட்டு போர்டுப் பக்கம் திரும்பிகிட்டேன். கண்ணு கலங்கினத அதுக பாத்துடக் கூடாதே.

சனிக்கெழம மல்லிகாவோட அம்மா என் ரூமுக்கே வந்துட்டாங்க. எஸ்டேட்டுல பழம் பறிக்கறவங்க. வாசல்லயே நின்னுகிட்டு, "இந்தப் புள்ள வந்து ஒரே நச்சுங்க டீச்சரம்மா. 'டீச்சரு அழுவாச்சிப் பாட்டா பாத்து எடுத்து வச்சிருக்குது, பாவம் தனியா கெடக்குதும்மா'ங்குது. நாளைக்கு நம்மூட்டுக்கு சாப்புட வந்துருங்க"ன்னாங்க.

போனேன். ராகிக் களி, கீரை. சுத்தி எஸ்டேட் ஆளுங்க வரிசையாக் குடியிருக்கற லைன் வீட்டுப் புள்ளைங்க அத்தன பேரும் உக்காந்திருந்தாங்க. அந்தக் காட்டுப்பன்னி பாட்ட ஞாபகத்துல இருந்த வரைக்கும் சொன்னேன். மறந்த எடத்த அதுகளே இட்டுக்கட்டுச்சு. உருண்டு உருண்டு சிரிச்சாங்க. அப்புறம் மாத்தல் வர்ற வரைக்கும் எல்லா ஞாயித்துக்கெழமையும் அங்கதான்.

இப்போ ரிட்டையர் ஆகி சேலத்துல ஒரு அபார்ட்மெண்ட்ல இருக்கேன். புள்ளைங்க பாட்டுப் புத்தகம் போன்லயே வாங்கிக்கலாம். எத்தன ஸ்டார், எந்த வயசுக்கு, எல்லாம் போட்டிருக்கும். பளபளன்னு வழவழப்புப் பேப்பர்.

போன மாசம் கீழ் வீட்டுப் பாப்பாவுக்குப் பொறந்தநாள். ரெண்டு நாள் தேடி ஒண்ணு வாங்கினேன். பேக் பண்றதுக்கு முன்னால ஒரு தடவ சத்தமா படிச்சுப் பாத்தப்போதான் உறைச்சுது... மறுபடியும் அழுவாச்சிப் பாட்டாவே பாத்து எடுத்திருக்கேன்.

மாத்தியிருக்கலாம். மாத்தல. அப்படியே குடுத்தேன்.

"தேங்க்யூ பாட்டி"ன்னு அங்கயே பிரிச்சுப் புரட்டினா. ஒவ்வொரு பக்கமா நான் அவ மூஞ்சியவே பாத்துகிட்டு நின்னேன். நல்ல புள்ள. கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துட்டு, படம் நல்லாருக்குன்னு சொல்லிட்டு உள்ள ஓடிட்டா. மல்லிகா கேட்ட மாதிரி ஒண்ணும் கேக்கல.