என் இடத்துக்கு ஓர் ஆள்

என் இடத்துக்கு ஓர் ஆளைப் பார்த்துவரும்படி முதலாளி என்னையே அனுப்பினார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரி வைத்திருந்த அவருக்குக் கால்பந்து என்றால் உயிர். சம்பளம் கொடுத்து ஓர் அணியையே வைத்திருந்தார். பகலில் தோல் கிடங்கிலோ கணக்கறையிலோ வேலை, மாலையில் ஆட்டம். பல வருடங்களாக அந்த அணியின் சென்டர் ஹாஃப் நான்தான். நடு மைதானத்தில் நிற்கிற ஆள். எதிரணி எந்த வழியாக வரப்போகிறது என்று முன்பே மோப்பம் பிடித்து, அங்கே போய் நின்று அதை முறிக்க வேண்டும். அவன் ஏமாந்தால் பின்னால் தடுத்து ஆடும் இரண்டு பேக்குகளுக்கும் கோல் காப்பவனுக்கும் தலைவலி. எனக்கு முப்பது தாண்டிவிட்டிருந்தது. மோப்பம் குறையவில்லை. ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் பந்து கடந்துவிடத் தொடங்கியிருந்தது.

"பெங்களூர் போட்டிக்கு முன்னாடி ஒரு காலேஜ் பையன புடிச்சாகணும்" என்றார் முதலாளி. "ரெண்டு பேரச் சொல்றாங்க. யாரு தேறுவான்னு நீ பாத்துச் சொல்லு. உனக்குத் தெரியாததா?"

"சரிங்க முதலாளி" என்றேன்.

ஆட்டம் போனாலும் வேலை போகாது என்று அவர் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்தான். ஆனாலும் அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. "இன்னா, மொகம் இப்டி கெடக்குது?" என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன்.

தசரா விடுமுறை. அந்த இரண்டு மாணவர்களும் கல்லூரியின் சேவை முகாமுக்காக ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில் பாதை செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லூரி திறக்கும்வரை காத்திருக்க முடியாது. மெட்ராஸ் மில் அணியொன்றும் அவர்கள்மேல் கண் வைத்திருப்பதாகப் பேச்சு. ஆலங்காயம் வரை பஸ்ஸில் போய், பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு மலை ஏறினேன்.

ஒருவன் ஆலங்காயத்து எண்ணெய் மில்காரர் மகன். இன்னொருவனுக்கு அந்த மலையிலேயே வீடு. சாமையும் புளியும் விளைவிக்கிற குடும்பம். அறுவடை முடிந்த சாமைக்காட்டில் கல் பொறுக்கி, மூங்கில் நட்டு, கல்லூரி டிரில் மாஸ்டர் எனக்காக ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்தார். இரண்டு பேரையும் எதிரெதிர் அணியில் சென்டர் ஹாஃபாக நிறுத்தச் சொன்னேன்.

பந்து காலில் இருக்கும்போது எவனும் நன்றாகத்தான் தெரிவான். அதனால் பந்து தூரத்தில் இருக்கும்போது அவர்களைப் பார்த்தேன். ஆலங்காயத்தான் நிமிர்ந்து ஆடினான். பந்தை அடக்கினால் சத்தமே வராது. கொடுத்தால் எடுத்து வைத்ததுபோல் போய்ச் சேரும். தன் பேக்குகளிடம் ஓயாமல் பேசினான். பார்க்க அழகு. மலைக்காரன் வெறுங்காலில், கணுக்காலில் துணி சுற்றி ஆடினான். வாயே திறக்கவில்லை. ஆனால் பந்து அவனிடம் வருவதற்கு முன்பே கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. எதிரணி ஃபார்வர்டு எங்கே ஓட நினைக்கிறானோ அங்கே அவன் முன்பே நின்றிருந்தான். இரண்டு முறை கணிப்புத் தப்பியது. தப்பியபோது தலையைத் தொங்கப்போடாமல் திரும்பித் துரத்தினான்.

என்றாலும் மாணவ ஃபார்வர்டுகள் அவர்களைச் சோதிக்கும் அளவுக்கு ஆடவில்லை. இடைவேளையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு நானே இறங்கினேன். பாதி நேரம் ஓர் அணிக்கும் மீதி நேரம் இன்னோர் அணிக்கும் சென்டர் ஃபார்வர்டாக ஆடுவது என்று ஏற்பாடு.

என்னிடம் ஒரு பழைய வித்தை உண்டு. வலது தோளைச் சாய்த்துக் காட்டி இடப்பக்கமாகப் போய்விடுவேன். ஆலங்காயத்தான் ஒவ்வொரு தடவையும் தோளை நம்பினான். ஏமாந்துவிட்டு, "நல்லா போனீங்க பாய்" என்று சிரித்தான்.

பிறகு பக்கம் மாறினேன். முதல் தடவை மலைக்காரனும் ஏமாந்தான். ஆனால் சிரிக்கவில்லை. என் தோளை விட்டுவிட்டு என் இடுப்பைப் பார்க்க ஆரம்பித்தான். அடுத்த தடவை நான் சாய்ந்தபோது அசையாமல் நின்று, வந்த பந்தைச் சுத்தமாக எடுத்துக்கொண்டு போனான். வேலி ஓரம் நின்ற ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. இனி வித்தை வேண்டாம், நேராகவே போவோம் என்று முடிவு செய்தேன்.

சரிவில் வேகம் கூடியது. அவனும் வந்தான். இருவரும் ஒரே சமயத்தில் பந்தை எட்டினோம். என் பூட்ஸின் அடியில் இருந்த கட்டை ஈர மண்ணில் பதிந்து நின்றுவிட்டது. அவன் மோதியதில் உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. விறகு முறிகிற சத்தம். அது என்னிலிருந்து வந்தது என்று புரிய ஒரு கணம் ஆயிற்று.

மல்லாந்து கிடந்தேன். அவன் என் தலைமாட்டில் மண்டியிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் என் தோளைப் பிடித்திருந்தான். டிரில் மாஸ்டர் ஓடிவந்து காலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகாமுக்கு வரும் ஜீப் மறுநாள்தான் வரும். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை வந்தால் பாதையில் இருக்கும் ஓடையைக் கடக்க முடியாது.

"ஜீப்ப நம்பி வச்சிருக்க முடியாது. தூக்கிக்கினு போய்டலாம்" என்றார் மலைக்காரனின் தகப்பனார். மூங்கில் பத்தைகள் வைத்துக் காலைக் கட்டினார்கள். கயிற்றுக்கட்டிலுக்கு இரண்டு கழிகளைக் கட்டி என்னை அதில் படுக்கவைத்தார்கள். தகப்பனாரும் அவர் தம்பியும் முன்னால், அந்த இரண்டு மாணவர்களும் பின்னால். மாஸ்டர் குடையோடு கூட வந்தார்.

ஒவ்வொரு குலுக்கலும் பல்லில் தெரிந்தது. பாதி வழியில் கட்டிலை இறக்கினார்கள். மலைக்காரன் தண்ணீர் கொண்டுவரப் போனான். ஆலங்காயத்தான் என் காதருகே குனிந்தான்.

"வேணும்னேதான் பண்ணான் பாய். நா பாத்தேன்."

"உனக்கு எப்டி தெரியும்?"

"பந்து பக்கம் அவன் பாக்கவே இல்ல. உங்களத்தான் பாத்தான்."

பொய் சொல்கிறான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மலைக்காரன் என் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது எனக்கே தெரியும். அதற்குள் அவன் வந்துவிட்டான். கழுத்தைத் தாங்கித் தண்ணீர் கொடுத்தான். குடித்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

ஓடைக்கு வந்தபோது மேலே எங்கோ மழை பெய்து தண்ணீர் செந்நிறமாக ஏறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் இங்கேயே தங்கிவிடலாம் என்றார். மற்ற நால்வரும் கட்டிலைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். நடுவில் ஆலங்காயத்தானுக்கு இடுப்பு வரை தண்ணீர். அவன் கால் வழுக்கியது. கட்டில் சாய்ந்து என் முதுகு நனைந்தது.

"நில்லுங்க" என்றான் மலைக்காரன். அவன் குரலை அப்போதுதான் முழுசாகக் கேட்டேன். "யாரும் நவுராதீங்க. சித்தப்பா, கழிய ஒசத்திப் புடி. நீ எடது கால அந்தக் கல்லு மேல வையி... வச்சிட்டியா? இப்ப வாங்க."

வந்துவிட்டோம். கரையில் கட்டிலை வைத்த பிறகுதான் ஆலங்காயத்தான் கழியிலிருந்து கையை எடுத்தான். அவனும் பிடியை விடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேலூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆட்டம் இனி முடியாது என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த வார்டில் படுத்துக்கொண்டு நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். காலை முறித்தான் என்பதற்காக மலைக்காரனைத் தள்ளக் கூடாது. தூக்கி வந்தான் என்பதற்காகச் சேர்க்கவும் கூடாது. ஆனால் கட்டுக்குள் அரிப்பெடுக்கும்போதெல்லாம் அவன்மேல் ஆத்திரம் பொங்கும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, "அந்தப் படுபாவி நல்லா இருப்பானா?" என்பாள். அப்போது அது எனக்குச் சுகமாகக்கூட இருந்தது.

முதலாளி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். எண்ணெய் மில்காரர் அவரைப் பார்த்துப் பேசியிருந்தார் போலும்.

"வேணும்னே ஒடச்சானாமே?"

"தெரியல முதலாளி."

"தெரியலன்னா?"

"எனக்கே தெரியல. நானும் மோதத்தான் போனேன்."

பழங்களை என் தலைமாட்டில் வைத்தார். "சரி. யார எடுக்கலாம்?"

ஆலங்காயத்தான் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த வார்டிலேயே விஷயம் முடிந்திருக்கும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சாமைக்காட்டை நினைத்தால் ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஒருவன் என் தோளை ஒவ்வொரு தடவையும் நம்பினான்; இன்னொருவன் ஒரே தடவைதான் நம்பினான்.

"மலைக்காரனத்தான்" என்றேன்.

மனைவியின் விசிறி நின்றுவிட்டது. முதலாளி என்னை உற்றுப் பார்த்தார். "நல்லா யோசிச்சிதான் சொல்றியா?"

"யோசிச்சிதாங்க."

பெங்களூர் மைதானத்தில் கைத்தடிகளை மடியில் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எதிரணியின் ஃபார்வர்டு ஒருவன், இன்சைட் லெஃப்ட், நேராக மலைக்காரன்மேல் வந்தான். மலைக்காரன் எட்டிவிடும் தூரத்தில்தான் பந்து. காலை நீட்டவில்லை, ஒதுங்கி வழிவிட்டான். அவன் மறுபடி வந்தான், இவன் மறுபடி ஒதுங்கினான். இடம் சரியாகத்தான் இருந்தது, பந்து வருகிற வழியும் தெரிந்திருந்தது. மோதுவதற்கு மட்டும் பயம். இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளியின் பார்வை என் முதுகில் சுட்டது.

இடைவேளையில் மலைக்காரனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு வேணும்னே பண்ணியா?"

மண்ணைப் பார்த்தான். "பந்துக்குத்தான் வந்தேன் பாய். நீங்க ஒதுங்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுது. நா ஒதுங்கி இருக்கலாம். ஒதுங்கல."

"நானும்தான் ஒதுங்கல."

"உங்க காலு..."

"என் கால நா பாத்துக்கறேன். இங்க வந்து நீ ஒதுங்கறதுன்னா நா உன்ன இன்னாத்துக்குக் கூட்டிக்கினு வந்தேன்?"

குரல் உயர்ந்துவிட்டது. மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மைதானத்துக்குப் போனான்.

மறுபாதியில் அந்த இன்சைட் லெஃப்ட் மீண்டும் வந்தான். இந்த முறை மலைக்காரன் ஒதுங்காமல் எதிரே போனான். இரண்டு உடம்புகள் மோதும் சத்தம் எனக்கே கேட்டது. பந்து சுத்தமாக விடுபட்டு வந்தது, எதிரணிக்காரன் உருண்டான். மலைக்காரன் பந்தை விட்டுவிட்டு, விழுந்தவனையே பார்த்துக்கொண்டு நின்றான். விழுந்தவன் எழுந்து காலை உதறும்வரை நின்றான். அதற்குள் பந்தை எதிரணியில் வேறொருவன் எடுத்துக்கொண்டுபோய் எங்கள் கோலுக்குள் அடித்துவிட்டான்.

தோற்றோம். முதலாளி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மலைக்காரன் உடை மாற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். "நா ஊருக்கே போய்டறேன் பாய்."

"போ. போய்ட்டு திங்கக்கெழம பிராக்டீசுக்கு வந்துடு."

திங்கட்கிழமை அவன் வரவில்லை. மறுநாளும் இல்லை. ஆலங்காயத்தானைக் கூப்பிட்டு அனுப்பலாமா என்று முதலாளி கேட்டார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு நாளும் கைத்தடியோடு மைதான வாசலிலேயே நின்றேன்.

புதன்கிழமை வந்தான். கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். எங்கள் ஃபார்வர்டுகளிலேயே முரட்டு ஆளைக் கூப்பிட்டு அவன்மேல் நேராக ஓடச் சொன்னேன். இருட்டுகிறவரை ஓடச் சொன்னேன்.

அதன்பிறகு பல வருடங்கள் அவன்தான் எங்கள் சென்டர் ஹாஃப்.