ஹிலாரியோ மாமாவின் படகுக்கு வராத திமிங்கிலங்கள்

ஹிலாரியோ மாமாவுக்கு உப்புப் பிடித்துவிட்டது என்று பிப்ரவரி முடிவதற்குள் எங்கள் கரை தீர்மானித்துவிட்டது. பீடை பிடித்தவனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

என் அத்தை தொமித்திலாவைக் கட்டிக்கொண்டு வடக்கேயிருந்து வந்தவர். இருபத்தாறு வருஷம் குழாயில் காற்று வாங்கிக்கொண்டு கடலடியில் சிப்பி எடுத்தார். இரண்டு செவிப்பறையும் கிழிந்தன. இடது காதில் கத்தினால் மட்டும் கொஞ்சம் கேட்கும். இனி முங்கக் கூடாதென்று மருத்துவர் சொன்ன பிறகு, மீனவர் சங்கம் அவருக்குத் திமிங்கிலம் காட்டும் படகு ஒன்றைக் கொடுத்தது. ஒரு பருவத்துக்கு மட்டும். சரியாக ஓட்டினால் நிரந்தரம். இல்லையென்றால் படகு நபோர் சித்தப்பாவின் மகன் உபால்தோவுக்கு.

எங்கள் காயலில் திமிங்கிலத்தைத் துரத்தக் கூடாது. படகு ஓரிடத்தில் நிற்க வேண்டும். குட்டியோடு தாய் தானாக வந்து முகத்தைக் காட்டும். வெள்ளைக்காரர்கள் தொட்டுப் பார்த்து அழுவார்கள். எல்லாப் படகுக்கும் வந்தது, மாமாவின் படகைத் தவிர. அவரைச் சுற்றி ஓங்கில்கள், அந்த டால்பின்கள்தான் துள்ளின.

"ஏன் மச்சான், ஓங்கில் பாக்கவா இவங்க விமானம் ஏறி வந்தாங்க?" என்று சித்தப்பா எல்லார் முன்னாலும் அவர் இடது காதில் கத்துவார். "நாளைக்காவது குளிச்சிட்டுப் போ. சிப்பி நாத்தம் இன்னும் போகலையோ என்னவோ."

மறுநாள் மாமா குளித்து, சவரம் செய்துகொண்டு, கல்யாணச் சட்டையோடு வந்தார். அதற்கும் சிரித்தார்கள்.

விஷயம் மோட்டாரில் இருந்தது. முதல் நாளே சித்தப்பா அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்: "போய் நின்னதும் அணைச்சிரு மச்சான். சத்தம் கேட்டா தாய் கிட்ட வராது." உண்மை நேர் எதிர். கியர் போடாமல் முனகிக்கொண்டிருக்கும் மோட்டாரைத் தேடித்தான் குட்டிகள் வரும். மற்றப் படகுகள் முனகுவது மாமாவுக்குக் கேட்க வழியில்லை. கரையில் எல்லாருக்கும் இது தெரியும். எனக்குக் கூடுதலாகவே தெரியும். எங்கள் ஊரில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். கடலுயிரியல். என் ஆய்வறிக்கையே அந்த முனகலைப் பற்றியதுதான். நாலு வருஷமும் எனக்குப் பணம் கட்டியவர் நபோர் சித்தப்பா. அங்கியும் தொப்பியுமாக நான் நிற்கும் படம் அவர் வீட்டுக் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது.

பருவத்தின் கடைசி நாள், மொழிபெயர்க்க நான் மாமா படகில் போனேன். ஒன்றரை மணி நேரம் சும்மா மிதந்தோம். வேறு படகுக்கு மாற முடியுமா என்று ஒரு பெண் கேட்டாள். நான் மொழிபெயர்க்கவில்லை. முகத்தைப் பார்த்தே மாமாவுக்குப் புரிந்தது. நேரம் முடிந்ததும் கிளம்ப மோட்டார்க் கயிற்றை இழுத்தார். அன்று நல்ல குளிர். சூடாகட்டுமென்று மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார்.

குட்டி முதலில் வந்தது. பின்னாலேயே தாய், படகைவிட நீளமாக. வெள்ளைக்காரர்கள் கூச்சலிட்டார்கள். மாமா தொடவில்லை. மோட்டார் மூடிமேல் வைத்த கையில் அந்த அதிர்வை உணர்ந்தபடி நின்றார். பிறகு தலையைத் திருப்பி, பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் படகைப் பார்த்தார். ஓடும் மோட்டார் பின்னால் மெல்லிசாகத் தண்ணீர் பீய்ச்சும். நகராமல் நின்ற அந்தப் படகு பீய்ச்சிக்கொண்டிருந்தது. அதற்கடுத்ததும்தான்.

"எப்பவுமே இப்படித்தானா?" என்றார்.

தலையாட்டினேன்.

"உனக்குத் தெரியுமா?"

அதற்கும் தலையாட்டினேன்.

சாயங்காலம் சங்கக் கூட்டத்தில் மாமா எழுந்தார். "மோட்டாரை அணைக்கச் சொல்லி ஏமாத்திட்டாங்க. ஓடினாத்தான் அது வரும். நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இவன் படிச்சவன், இவனைக் கேளுங்க."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"சொல்லுங்க விஞ்ஞானி," என்றார் சித்தப்பா.

"ஆய்வுகள் இன்னும் முடிவாகலை," என்றேன்.

படகு யாருக்கு என்று கைகள் உயர்ந்தன. உபால்தோ எழுந்து எல்லாருக்கும் நன்றி சொன்னான். மாமா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?"

சித்தப்பா குனிந்து அவர் இடது காதில் கத்தினார்: "உனக்கு உப்புதானாம் மச்சான். படிச்ச புள்ளையே சொல்லிருச்சு."